ஸ்டாண்ட் இல்லாத சைக்கிள்

ஓடும்போது நான் விழவில்லை. நிற்கும்போதுதான் விழுந்தேன். இதை எத்தனை முறை சொன்னாலும் என் மனைவி செண்பகம் இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக ஒப்புக்கொள்வதில்லை.

பெரம்பலூரில் எங்கள் தெருமுனை மளிகைக் கடை. வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சாய்த்து வைக்கப் போனேன். அந்தச் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் கிடையாது. வழக்கமாக நான் சாய்க்கும் உப்பு மூட்டையை அன்று யாரோ உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். மூட்டை இருக்கும் நினைப்பில் சாய்த்தேன். சைக்கிளும் நானும் ஒன்றாகச் சாய்ந்தோம். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் எழுபத்திரண்டு வயதில் ஒரு சிராய்ப்பு குடும்பக் கூட்டம் போடப் போதுமானது.

கூட்டத்தின் முடிவு: சைக்கிள் மகனிடமே திரும்பிப் போக வேண்டும். சென்னையில் இருக்கும் அவன்தான் அதை வாங்கினான். மூன்று முறை ஓட்டினான். பிறகு வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று பார்சல் லாரியில் எங்களுக்கு அனுப்பிவிட்டான். தூசி துடைத்துவிட்டு ஏறிய நான் இறங்கவே இல்லை. இரண்டு வருடமாகக் காலை நேரத்தில் எனக்கு இருக்கும் ஒரே வேலை அதுதான். அதைப் பார்சல் கட்டும் பேச்சு எழுந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் வாதாடினேன். கடைசியில் செண்பகம் ஒரு வழி சொன்னாள். "ஆண்டிமடத்துல உங்க தங்கச்சி இருக்காள்ல. அது வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போங்க. போயி எறங்குறப்ப உங்களப் பாத்துட்டு மங்கை சரின்னு சொன்னா ஓட்டுங்க. வேணாம்னு சொல்லிட்டா வண்டி சென்னைக்கு."

நல்ல நீதிபதியைத்தான் தேர்ந்தெடுத்தாள். என் தங்கை மங்கை யாருக்கும் சலுகை காட்டாதவள். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்று பெண்ணைப் பெற்றவரிடமே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். நான் ஒப்புக்கொண்டேன். என் பங்குக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: நான் வருவதை மங்கையிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. தெரிந்தால் அரை மணிக்கு ஒருமுறை போன் செய்வாள். தன் மகனை மோட்டார் சைக்கிளில் என் பின்னால் அனுப்புவாள். அப்புறம் அது பரீட்சையாகவே இருக்காது. அந்த நிபந்தனை புத்திசாலித்தனமானது என்று அப்போது நினைத்தேன்.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைப்பிடி ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி கீழே சுருண்டிருக்கும். முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. ஆகப் பதினாறு கியர். அதில் நான் போடுவது நான்கு. டயர் என் கட்டைவிரல் அகலம் இருந்தால் அதிகம். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, பெல் இல்லை, ஸ்டாண்ட் இல்லை. இவையெல்லாம் இல்லாததால்தான் இது உயர்ந்த சைக்கிள் என்பது மகனின் விளக்கம். பெல்லை நானே வாங்கி மாட்டினேன். ஸ்டாண்ட் மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டேன். எடை கூடும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று மகன் சொல்லியிருந்தான். இந்த வயதில் யார் சிரித்தால் என்ன என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்றும் உண்டு. முதல் தடவை அதை மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டபோது எதிர்வீட்டு அம்மா செண்பகத்திடம், "சாருக்கு ஆபரேசனா?" என்று விசாரித்தார். அதிலிருந்து அது குளியலறைக்குள்தான் காய்கிறது. அதன்மேல் பேண்ட் போட்டுக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறேன்.

நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளை எண்ணி எழுதும் அரசாங்க வேலையில் இருந்தவன் நான். சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரிக்கு ஒரு கோடு, பஸ்ஸுக்கு ஒரு கோடு, மாட்டுவண்டிக்கு ஒரு கோடு என்று காலமெல்லாம் கோடு போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு நாற்காலிதான் போயிற்று, எண்ணுவது போகவில்லை. சைக்கிளில் போனாலும் வாய் எதையாவது எண்ணிக்கொண்டேதான் போகும்.

முதல் நாள் அரியலூர் வரைக்கும்தான் திட்டம். வாலிபர்கள் காலைக் காப்பிக்கு முன்னால் போய்வரும் தூரம். நான் பங்குனி வெயிலுக்குப் பயந்து இருட்டு விலகும்போதே கிளம்பினேன். செண்பகம் வாசல் வரை வந்தாள். ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பார்த்தாள். மாத்திரை எடுத்தாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்பதற்குள் மிதித்துவிட்டேன்.

வழியில் வேகத்தடை பத்தொன்பது. வெள்ளைக்கோடு தெரிந்தவை ஆறு. மற்றவற்றை உடம்பால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாய்கள் பதினொன்று; துரத்தியவை இரண்டு. அதில் ஒன்று பாதியிலேயே அலுத்துப்போய் நின்று, கொட்டாவி விட்டுத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் துரத்தியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

ஆட்கள் கேட்ட கேள்விகளை மூன்று வகையாகப் பிரித்தேன். எந்த ஊருக்குப் போகிறீர்கள், கியர் எத்தனை, ஸ்டாண்ட் எங்கே. முதல் இரண்டும் மரியாதைக்குக் கேட்பது. மூன்றாவதை மட்டும் நிஜமான கவலையோடு கேட்டார்கள். வண்டியில் ஏதோ உறுப்பு கழன்று விழுந்துவிட்டது, கிழவனுக்குத் தெரியவில்லை என்ற கவலை. ஒருவர் பைக்கை நிறுத்தி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, எங்கே விழுந்திருக்கும் என்று தேடிக் கொடுக்கவே தயாராகிவிட்டார்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெஞ்சின் மறுமுனையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு டீ சொன்னேன். அவர் எழுந்தார். பெஞ்ச் தூக்கியது. சைக்கிள் விழுந்தது. டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திப் பார்த்தார்.

"ஏன் சார், வண்டிக்குக் காலு இல்லையா?"

எடை கூடும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார்.

"காலையில ஒரு இட்லியக் கொறச்சுக்கங்க சார். அந்த வெயிட்டு சரியாப் போயிரும்."

கடையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது; காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அரியலூர் வரை சைக்கிளைச் சாய்த்த இடங்கள்: ஒரு மைல்கல், இரண்டு புளியமரம், கட்சிக் கொடிக்கம்பம் ஒன்று, படுத்திருந்த எருமைக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் போர்.

அரியலூரை நெருங்கினால் சாலை தன் குணத்தைக் காட்டிவிடும். சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒரு கை மாவை எடுத்து முகத்தில் வீசுவது போல இருக்கும். நாற்பது வரை எண்ணினேன். அப்புறம் கண்ணைத் திறந்து எண்ண முடியவில்லை. ஒரு லாரிக்காரர் மெதுவாக என் பக்கத்தில் வந்து, பெரியவரே, சைக்கிளைப் பின்னால் போட்டுக்கொண்டு ஏறிக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர். நான் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கையைக் கூப்பினேன், போய்விட்டார். அவர் விட்டுப்போன தூசி அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

விடுதியில் சைக்கிளைக் கீழேயே விடச் சொன்னார் மேலாளர். விட்டோம். அது துளசித்தொட்டி மேல் விழுந்தது. தூக்கி நாற்காலியில் சாய்த்தார், நாற்காலியோடு விழுந்தது. கடைசியில் அலுத்துப்போய், "இதுக்கும் சேத்து டபுள் ரூமாப் போட்டுரவா சார்?" என்றார். நான் தனி அறையே கேட்டு வாங்கி, சைக்கிளைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிட்டுக் குளித்தேன். முதல் இரண்டு வாளித் தண்ணீர் வெள்ளையாகவே போயிற்று.

பெரம்பலூர்க்காரன் அரியலூருக்கு வந்தால் ரயில் பார்க்காமல் போக மாட்டான். எங்கள் ஊரில் எல்லாம் உண்டு, ரயில் மட்டும் கிடையாது. சாயங்காலம் நிலையத்துக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சரக்கு ரயில் ஒன்று வந்தது. பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தொன்று ஆகும்போது பக்கத்தில் இருந்த அம்மா, இது திருச்சி வண்டியா என்று கேட்டார். இல்லை என்று சொல்லித் திரும்பினால் கணக்கு போய்விட்டது. ராத்திரி பரோட்டா சாப்பிடும்போதும் அந்த ரயிலின் மிச்சம் எத்தனை பெட்டி என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது. பரோட்டா நன்றாக இருந்தது. சால்னாவில் எங்கள் ஊர்க் காரம் இல்லை.

இரண்டாம் நாள் எழுந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. தூசி. கண்ணாடியில் பார்த்தால் விடிய விடிய அழுதவன் மாதிரி இருந்தேன். தண்ணீர் விட்டுக் கழுவினேன், இன்னும் சிவந்தது. சரி, மங்கை மிதிப்பதைத்தானே பார்க்கப் போகிறாள், கண்ணையா பார்க்கப் போகிறாள் என்று கிளம்பிவிட்டேன்.

உடையார்பாளையம் வழியாகப் போகும் சாலை எனக்குப் பழகியது. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான் நாங்கள் பிறந்தோம். முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் அங்கிருந்து ஆண்டிமடத்துக்கு இரண்டு முறை விடியற்காலையில் சைக்கிள் மிதித்திருக்கிறேன். அது வேறு சைக்கிள், வேறு காரியம். அன்று அதையெல்லாம் நினைக்க எனக்கு நேரமில்லை, எதிர்க்காற்று அடித்தது.

ஜெயங்கொண்டத்துக்குள் நுழையும்போது பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. சீமைக்கருவேல முள், விரல் நீளத்துக்கு. பஞ்சர் கடை எதிரிலேயே இருந்தது; அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். டியூபை ஒட்டும் வரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. காற்றடிக்கும்போதுதான் சிக்கல். இந்த மாதிரிச் சைக்கிளில் காற்றடிக்கும் வாய் பென்சில் முனை மாதிரி ஒல்லியாக இருக்கும். கடைக்காரரின் குழாய் அதில் உட்காரவில்லை. உட்கார வைப்பதற்கென்று ஒரு சின்னப் பித்தளை மூடி உண்டு. நான் அதை மறக்கக் கூடாது என்று தனியாக எடுத்து, டி.வி. மேல் வைத்திருந்தேன். அது இன்னும் டி.வி. மேலேயே இருந்தது.

கடைக்காரர் குழாயைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். காற்று அவர் மூக்கில் அடித்தது. துணி சுற்றிப் பார்த்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் தீர்ப்பு சொன்னார்.

"இது சைக்கிள் கடையில ஆவாதுங்க. ஊசி போடற டாக்டருகிட்டதான் கொண்டு போவணும்."

நல்லவேளையாகப் பையில் கைப்பம்ப் ஒன்று இருந்தது. முழங்கை நீளம்தான், ஒரு இழுப்புக்கு ஒரு தும்மல் அளவு காற்று போகும். இருநூறு வரை எண்ணினேன். அதற்குமேல் மூச்சு எண்ணிக்கைக்கு ஒத்துழைக்கவில்லை. பாதிக் காற்றோடு, ஆனால் முழு மானத்தோடு கிளம்பினேன்.

ஆண்டிமடம் பக்கம் வந்துவிட்டால் முந்திரித்தோப்புகள். அந்த நிழலுக்காகவே அங்கே போகலாம். முதல் பழங்கள் சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்க ஆரம்பித்திருந்தன. ஒரு தோப்போரம் ஒரு அம்மாள் பழத்திலிருந்து கொட்டையைத் திருகித் திருகி எடுத்துக்கொண்டிருந்தார். நான் மரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றதைப் பார்த்து, வேண்டிய மட்டும் பழம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்களுக்குக் கொட்டைதான் கணக்கு, பழம் சும்மா. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவன் நான்கு பழத்தைச் சாறு வடிய வடியத் தின்றேன். அவர் என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார். கறை போகாது என்றார். அப்புறம் ஒரு எச்சரிக்கையும் சொன்னார். "தின்னுட்டு ஒடனே தண்ணி மட்டும் குடிச்சிராதீங்க. தொண்டையப் புடிச்சுக்கும், அப்பறம் பேசவே வராது."

தண்ணீர் குடிக்காமலே தொண்டை பிடித்துக்கொண்டது. முந்திரிப்பழம் தின்று பழகாதவனுக்கு அது அப்படித்தான் செய்யும். ஆண்டிமடத்துக்குள் நுழையும்போது பெல்லைத்தான் நம்பிப் போனேன். வாயில் குரல் இல்லை.

மங்கையின் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். இருட்டிலேயே கிளம்பியதால் அப்போது இன்னும் மதியம் ஆகவில்லை. பரீட்சை முடிந்தது, நிமிர்ந்து நின்று, சிரித்த முகமாக, ஒரு கையால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே நடக்க வேண்டும் என்பது வழியெல்லாம் நான் போட்டுவைத்த காட்சி. ஆனால் சுற்றுச்சுவருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இளநீலம், இன்னும் ஈரம். கேட்டுக்கும் அதே. மங்கை வீட்டுப் பெயிண்டில் சைக்கிளைச் சாய்த்தால் தீர்ப்பு வாசலிலேயே வந்துவிடும். அதனால் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். ஹெல்மெட்டை மட்டும் கழற்றினேன்.

பெல் சத்தம் கேட்டுக் கையில் கரண்டியோடு மங்கை வந்தாள். என்னைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். அவள் மருமகள் கவிதா பின்னாலேயே வந்து, "வாங்க பெரியப்பா" என்று சொம்பில் தண்ணீர் நீட்டினாள். தோப்பில் அந்த அம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

மங்கையின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"யாருண்ணே?" என்றாள்.

எனக்கு என் வழக்கைத் தவிர வேறு நினைப்பே இல்லை. இந்த வயதில் உன்னை இப்படி அனுப்பிவைத்தது யார் என்று கேட்கிறாள் என்று புரிந்துகொண்டேன். கரகரத்த தொண்டையில் இருந்த குரலையெல்லாம் கூட்டி, "செண்பகம்தான்" என்றேன்.

அவள் அப்படியே கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நொடி அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் எழுந்தது.

"ஐயோ என் அண்ணியே, எங்கூட்டு மவராசியே, என்னைய வுட்டுட்டுப் போயிட்டியே."

அப்போதுதான் நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். விளக்கமாகச் சொல்கிறேன். போன் இல்லாத காலத்தில் எங்கள் பக்கம் சாவுச் சேதியைச் சைக்கிளில் போய்த்தான் சொல்வோம். சொல்லப் போகிறவன் வாசலிலேயே நிற்பான். வீட்டுக்குள் போக மாட்டான். தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டான். சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட மாட்டான். ஏனென்றால் சொல்லவேண்டிய வீடு இன்னும் இருக்கிறது. கையில் சைக்கிளைப் பிடித்தபடியே பெயரைச் சொல்லிவிட்டுத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். எங்கள் குடும்பத்தில் அன்று சைக்கிள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அப்பா போனபோது மங்கைக்குச் சொல்ல நான்தான் இதே வாசலுக்கு வந்தேன். அம்மா போனபோதும் நான்தான் வந்தேன். அதன் பிறகு அவள் வீட்டுக்கு எத்தனையோ முறை பஸ்ஸிலும் காரிலும் வந்திருக்கிறேன். சைக்கிளில் வந்தது இன்று மூன்றாவது முறை. சிவந்த கண், அடைத்த தொண்டை, வேண்டாம் என்ற தண்ணீர், போடாத ஸ்டாண்ட். வேகத்தடையையும் நாயையும் எண்ணிக்கொண்டு வந்தவன், இதை எண்ணவில்லை.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. இருமலைப் பார்த்து அழுகை அதிகமாயிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேர் ஓடிவந்தார்கள்; எண்ணி முடிப்பதற்குள் ஒன்பது பேர் ஆனார்கள். மங்கை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஒரு வார்த்தை கடிந்து பேசாத வாய் என்றாள். போன தீபாவளிக்குக் கருவாட்டுக் குழம்பு விஷயத்தில் இருவரும் ஒரு வாரம் பேசாமல் இருந்தது எனக்குத் தெரியும். மங்கையின் கணவர், என் மச்சான், தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒன்றும் கேட்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகில் குனிந்து, "எப்ப எடுக்கறாங்க மச்சான்?" என்றார்.

இதற்கிடையில் கவிதா உள்ளே போய்ப் பெரம்பலூருக்குப் போன் போட்டுவிட்டாள். அங்கே வீட்டில் இருக்கும் யாராவது எடுப்பார்கள், விவரம் கேட்கலாம் என்பது அவள் எண்ணம். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"அலோ" என்றது போன்.

"அலோ, யாருங்க பேசறது?" கவிதா விசும்பிக்கொண்டே கேட்டாள்.

"நான்தான் செண்பகம் பேசறேன். கவிதாவா? ஏன்டி அழுவற? அவரு விழுந்துட்டாரா?"

வாசலில் இருந்த சத்தம் சட்டென்று அறுந்து நின்றது. மங்கை கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"அண்ணி?"

"என்ன மங்கை? அவருக்கு என்ன?"

"அண்ணி, நீங்க இருக்கீங்களா?"

"இருக்காம பின்ன யாரு பேசறது? அவரு எங்க?"

"நிக்கிதே. வாசல்ல, வண்டியப் புடிச்சிக்கிட்டு, எழவு சொல்ல வந்த கணக்கா நிக்கிது."

போனின் மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது. பிறகு செண்பகம் கேட்டாள். "அப்ப இவ்வளவு நேரமும் நீ அழுதது எனக்கா?"

ஒன்பது பெண்களில் ஒருத்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மச்சான் மட்டும் என் தோளை விடாமல் எல்லோரையும் கோபமாகப் பார்த்தார். அவருக்கு இன்னும் சேதி எட்டவில்லை.

மங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் பரீட்சை போயிற்று, சைக்கிள் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பார்சல் லாரியே கண்முன் வந்து நின்றது. செண்பகம் போனிலேயே விவரத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "நீயே சொல்லு மங்கை. உங்க அண்ணன் இந்த வண்டிய ஓட்டலாமா, வேணாமா? நீ சொல்றதுதான்."

மங்கை என்னைச் சுற்றி ஒருமுறை வந்தாள். நான் மூச்சைச் சீராக விட முயன்றேன். சட்டையில் இருந்த முந்திரிக்கறையைத் தொட்டுப் பார்த்தாள். டயரை விரலால் அமுக்கினாள், பாதிக் காற்று. பிறகு தரையில் எதையோ தேடுகிறவள் போலச் சக்கரத்துக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"பெரம்பலூர்லேருந்து மிதிச்சிக்கிட்டு வந்துருக்கு அண்ணி. கையி காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஓட்டட்டும்." அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஆனா அண்ணே, எங்கூட்டு வாசலுக்கு வந்தா ஸ்டாண்டு போட்டு நில்லு. இப்புடிப் புடிச்சிக்கிட்டு நிக்காத. என்னால முடியாது."

எடை கூடும் என்று சொல்ல வாய் வரை வந்தது. தொண்டை அடைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அழ வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். மச்சானுக்கு விஷயம் புரிந்ததும் முதல் வேலையாக என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனார். இந்தச் சைக்கிளுக்கென்று ஸ்டாண்ட் அங்கே ஏது? பழைய லேடீஸ் சைக்கிளிலிருந்து கழற்றிய பக்க ஸ்டாண்ட் ஒன்றைக் கடைக்காரர் தேடி எடுத்தார். பெயிண்ட் கீறாமல் இருக்க டியூப் துண்டைச் சுற்றி இறுக்கினார். சைக்கிள் கறுப்பு, ஸ்டாண்ட் ரோஸ். மகனுக்குப் போட்டோ அனுப்பினேன். பதிலே வரவில்லை. மதியம் மங்கை வைத்த முருங்கைக்காய்க் குழம்பை எல்லோரும் அழுத பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டோம். சைக்கிள் வாசலில் தன் காலிலேயே நின்றது. மங்கை சோறு போடும்போது இரண்டு தடவை எட்டி அதைப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் செண்பகம் போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"அவ என்னென்ன சொல்லி அழுதா? நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே, எண்ணுனீங்களா?"

"ஆறு" என்றேன்.

"என்னென்ன?" என்றவள், நான் "மவராசி" என்று ஆரம்பித்ததுமே தடுத்துவிட்டாள். "வேணாம், போன்ல சொல்லாதீங்க. நேர்ல வந்து சொல்லுங்க."

திரும்பும் வழியை நீட்டப் போவதில்லை. எதிர்க்காற்று இப்போது முதுகுக்காற்று ஆயிற்று. அரியலூரில் அதே விடுதி. சைக்கிள் கீழேயே நின்றது. மேலாளர், ஒருவருக்கு மட்டும்தானா என்று கேட்டுச் சாவியைக் கொடுத்தார். டீக்கடையில் இறங்கி, பெஞ்சிலிருந்து தள்ளி, எல்லோரும் பார்க்கும்படி நடுவில் ஸ்டாண்ட் போட்டேன். மாஸ்டர் ரோஸ் நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கால் முளைத்துவிட்டதே என்றார். அப்படியானால் காலையில் இனி ஒரு இட்லியைக் குறைத்தே ஆக வேண்டுமா என்று கேட்டேன். ஸ்டாண்டைப் பார்த்தால் இரண்டு இட்லி எடை இருக்கும் போலிருக்கிறது என்று சொன்னார்.

வேகத்தடைகளைத் திரும்பி வரும்போது எண்ணவில்லை. போகும்போது பத்தொன்பது என்றால் வரும்போதும் பத்தொன்பதுதான். அதற்குப் பதிலாக அந்த ஆறையும் வரிசை மாறாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்று விட்டுப்போனாலும் செண்பகம் கண்டுபிடித்துவிடுவாள்.

எங்கள் தெருவுக்குள் நுழையும்போது வெயில் ஏறியிருந்தது. வாசல் கேட் திறந்திருந்தது, ஆள் இல்லை. உள்ளே மிக்சி ஓடும் சத்தம். நான் பெல் அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. மிக்சி நிற்கும் வரை காத்திருந்து, காலால் ஸ்டாண்டைத் தட்டினேன். டக் என்றது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கை கால் கழுவிட்டு வாங்க. மொதல்ல அந்த மவராசியிலேருந்து ஆரம்பிங்க."